காட்டலான் பாட்டாளிக் கட்சி

காட்டலான் பாட்டாளிக் கட்சி, 1930களில் ஸ்பெயினின் காட்டலோனியாவில் இயங்கிய சிறிய கம்யூனிஸ்ட் கட்சி. தனிநாடு, தொழிலாளர் ஆட்சி ஆகிய இரண்டும் ஒரே போராட்டத்தில்தான் கைகூடும் என்று அது நம்பியது.

பிரான்செஸ்க் மசியா 1922இல் தொடங்கிய எஸ்தாத் கட்டலா என்ற தனிநாட்டு இயக்கமே இதன் தாய்வீடு. ஸ்பெயினில் தளபதி பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரம் நடந்த 1925இல், அவ்வியக்க இளைஞர்கள் சிலர் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவின் ரயிலைக் கார்ராஃப் சுரங்கப்பாதையில் குண்டுவைத்துத் தகர்க்கத் திட்டமிட்டனர். சதி முன்பே வெளிப்பட்டுவிட்டது. சிறை சென்றவர்களுள் மிகேல் பதியா, 1934இல் காட்டலான் அரசின் காவல்துறைப் பொறுப்பேற்று அனார்க்கிஸ்ட் தொழிற்சங்கத்தினரை ஒடுக்கினார். அவரோடு சிறையிருந்த ஜௌமே கொம்தே தொழிலாளர் பக்கம் சேர்ந்து இக்கட்சியின் தலைவரானார். காட்டலான் தேசியம் எந்த இடத்தில் இரண்டாகப் பிளந்தது என்பதை இந்த இருவரின் வாழ்க்கையே காட்டிவிடும்.

1931 ஏப்ரல் 14 அன்று மசியா காட்டலான் குடியரசை அறிவித்தார். மூன்றே நாளில் மத்ரித்துடன் உடன்பாடு கண்டு, ஸ்பெயினுக்குட்பட்ட தன்னாட்சி அரசுக்கு இசைந்தார். இந்த விட்டுக்கொடுப்பை ஏற்க மறுத்த கொம்தேயின் குழு 1932இல் தனியே பிரிந்தது. பெயரை ஓரிரு முறை மாற்றியபின், 1934இல் காட்டலான் பாட்டாளிக் கட்சி ஆனது. 'லின்சுர்ஜென்ட்' அதன் இதழ்.

ஆலைத் தொழிலாளரிடையே அனார்க்கிஸ்டுகளின் பிடி வலுவாக இருந்தது. கடைச் சிப்பந்திகளும் அலுவலகக் குமாஸ்தாக்களுமே இக்கட்சியின் பலம். 1903இல் நிறுவப்பட்ட வணிக, தொழில் ஊழியர் தன்னாட்சி மையம் அவர்களின் சங்கம். கட்சித் தலைவர்களுள் ஒருவரான பெரே அஸ்னார் அதன் தலைவராக இருந்தவர்.

1934 அக்டோபர் 6 மாலை, காட்டலான் தன்னாட்சி அரசின் அதிபர் லூயிஸ் கொம்பானிஸ், ஸ்பானியக் கூட்டாட்சிக்குள் காட்டலான் அரசைப் பிரகடனம் செய்தார். ஸ்பானிய இராணுவத் தளபதி பதேத்தின் படை இரவோடிரவாகப் பார்சலோனா வீதிகளில் இறங்கியது. சாந்தா மோனிகா வீதியிலிருந்த ஊழியர் மையத்தில் கொம்தே தோழர்களுடன் துப்பாக்கியேந்திக் காத்திருந்தார். இராணுவம் கட்டடத்தைப் பீரங்கியால் தாக்கியது. கொம்தே, மனுவேல் கொன்சாலெஸ் அல்பா, அமதேவு பர்தினா ஆகிய மூவரும் அங்கேயே மாண்டனர். கொம்பானிஸின் அரசு மறுநாள் காலையில் சரணடைந்தது. தாங்கள் முழுதாக ஏற்காத ஒரு பிரகடனத்துக்காக இவர்கள் உயிர் கொடுத்தார்கள் என்பது மறக்கத்தக்கதல்ல.

தலைவரை இழந்த கட்சி, 1935இல் மார்க்சியக் கட்சிகளின் ஒற்றுமைப் பேச்சில் பங்கேற்றது. 1936 ஜூலையில், ஸ்பானியக் குடியரசுக்கு எதிரான இராணுவக் கலகம் பார்சலோனாவில் முறியடிக்கப்பட்ட சில நாள்களில், வேறு மூன்று கட்சிகளோடு இணைந்து காட்டலோனிய ஐக்கிய சோசலிசக் கட்சியாயிற்று. ஜுவான் கொமொரேரா அதன் பொதுச்செயலர். தனிநாட்டு முழக்கம் அங்கே பின்னுக்குப் போயிற்று; சுயநிர்ணய உரிமை என்ற அளவில் நின்றது. ஆனாலும் ஒரு நாட்டுக்கு ஒரு கட்சி என்ற வழக்கத்தைத் தளர்த்தி, 1939இல் கம்யூனிஸ்ட் அகிலம் அப்புதிய கட்சியைத் தனி உறுப்பாக ஏற்றுக்கொண்டது.