புதைத்தது கிடைத்தது... கிடைத்தது மறைந்தது!

1983, செப்டம்பர். அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தை ஒட்டிய அலமகோர்டோ என்கிற ஊர். அங்கிருந்த குப்பைக் கிடங்கில் லாரி லாரியாக வந்து இறங்கியது என்ன தெரியுமா? வீடியோ கேம் கேட்ரிட்ஜ்கள்! அட்டாரி கம்பெனியின் விற்காத சரக்கு. ஸ்பீல்பெர்க் படத்தை வைத்து ஐந்தே வாரத்தில் அவசர அவசரமாகச் செய்த 'ஈ.டி.' கேமும் அதில் உண்டு. புதைத்து, மேலே கான்க்ரீட்டும் ஊற்றிவிட்டார்கள்.

2014 ஏப்ரலில் தோண்டினால்... ஆயிரத்துச் சொச்சம் கேட்ரிட்ஜ்கள்! அதிலொரு 'ஈ.டி.' ஸ்மித்சோனியன் மியூஸியத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அதே 2014, ஆகஸ்டில் 'பி.டி.' என்றொரு திகில் கேம். பிளேஸ்டேஷன் 4-ல் இலவசம். டிஸ்க் கிடையாது, டவுன்லோடு மட்டும்தான். மறுவருஷமே கொனாமி கம்பெனி அதை ஆன்லைன் கடையிலிருந்து தூக்கிவிட்டது. மெஷினில் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அழித்தவர்களுக்கு மறுபடி கிடைக்கவில்லை. கேமோடு சேர்த்து மெஷினையே எக்கச்சக்க விலை சொல்லி விற்கக் கிளம்பினார்கள் சிலர்!

'அப்போ டிஸ்க்தான் கெட்டி' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அதே 2014 டிசம்பரில் வந்த 'தி க்ரூ' கார் ரேஸுக்கு டிஸ்க் இருந்தது. ஆனால் யூபிசாஃப்ட் கம்பெனியின் சர்வர் இல்லாமல் ஓடாது. 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் கையிலேயே இருக்க, தனியாளாகக்கூட விளையாட முடியவில்லை.

என்னைக் கேட்டால், டிஸ்க்தான் வாங்குவேன். அதற்கு முன்னால், டப்பாவைத் திருப்பி 'இன்டர்நெட் அவசியம்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்!