எல்லாமே சைபீரியாலேர்ந்தா வருது?

போன மார்கழியில ஒரு ஞாயித்துக்கிழமை. விடியறதுக்கு முன்னாடியே மன்னார்புரத்துலேர்ந்து பைக்கை எடுத்துக்கிட்டு நானும் நண்பனும் கரைவெட்டிக்குக் கிளம்பிட்டோம். அரியலூர் மாவட்டத்துல, புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணி வந்து நிறையற ஏரி அது. 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது; 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது. வழியில டீ குடிக்கிறப்ப கடைக்காரர் சொன்னார்: "எல்லாம் சைபீரியாலேர்ந்து வருது தம்பி!"

சின்ன வயசுலேர்ந்து கேக்குற வசனம். ஸ்கூல் டூர்ல வேடந்தாங்கல் போனப்பவும் இதையேதான் சொன்னாங்க.

ஆனா அன்னிக்கு பைனாகுலர்ல முதல்ல சிக்கின கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நம்ம நாட்டுலயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறவை. எதிர்க்கரையில மேஞ்சுக்கிட்டு இருந்த பட்டைத்தலை வாத்து நிஜமாவே தூரத்து விருந்தாளிதான். ஆனா அதுக்குச் சொந்த ஊர் மங்கோலியா, திபெத் பக்கம். இமயமலையைத் தாண்டி வருது. கருவி பொருத்திப் பார்த்ததுல 7,000 மீட்டருக்கு மேலயும் பறந்திருக்கு. அப்ப சைபீரியாக்காரன் யாரு? கொஞ்சம் பொறுங்க, வர்றேன்.

எது எங்கேருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? நாரை தெற்கே குமரி வரைக்கும் வந்துட்டு வடக்கே திரும்பும்னு நம்ம சத்திமுத்தப் புலவருக்கே தெரியும். வடக்குன்னா எவ்வளவு வடக்கு? அதுதான் கேள்வி. 1822-ல் ஜெர்மனியில ஒரு நாரையைச் சுட்டு வீழ்த்தினாங்க. அதோட கழுத்துல ஆப்பிரிக்க ஈட்டி ஒண்ணு ஏற்கனவே குத்தி நின்னுச்சு! ஆதாரத்தைக் கழுத்துலயே சுமந்துக்கிட்டு அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கு, பாவம். 1899-ல் மோர்ட்டென்சன்ங்கிற டென்மார்க் வாத்தியார் மைனா சாதிப் பறவைங்க காலில் எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டிப் பறக்க விட்டார். எங்க பாஷையில சொன்னா, ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பிரைமரி கீ. :-)

நம்ம ஊருக்கு இந்த வளையம் பெரிய அளவுல வந்த கதைதான் சுவாரசியம். 1957-ல் அன்றைய மைசூர் மாநிலம் சிமோகா மாவட்டத்துல, கியாசனூர் காட்டுல குரங்குகள் செத்து விழ ஆரம்பிச்சது. மனுஷங்களுக்கும் காய்ச்சல் வந்தது, உயிர்களும் போச்சு. கிருமியைப் பிரிச்சுப் பார்த்தா, ரஷ்யாவுல இருக்குற ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்தது. ரஷ்யாவுக்கும் சிமோகாவுக்கும் நடுவுல போக்குவரத்து யாருக்கு? பறவைக்குத்தான்! சந்தேகம் அது மேல விழுந்தது.

பழி பறவைக்கு, லாபம் பறவை ஆய்வுக்கு. உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுக்க, 1959-ல் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் வலசை ஆய்வைத் தொடங்கினாங்க. விரிச்ச வலையில விழுற பறவையைப் பிடிச்சு, அளந்து, உண்ணி இருக்கான்னு பார்த்து, வளையம் மாட்டி விடுறது. கிடைச்சா பம்பாய்க்குத் தகவல் சொல்லுங்கன்னு வளையத்துலயே பொறிச்சிருக்கும். நம்ம கோடியக்கரை இந்த வேலைக்கு முக்கியமான இடமாச்சு.

பின்னாடி அமெரிக்க ராணுவத்தோட ஆராய்ச்சிப் பணமும் இதுக்குள்ள வந்தது. சும்மா விடுவாங்களா? 1974-ல் பத்திரிகைகள் கிளப்ப, கிருமிப் போருக்கு ஒத்திகையான்னு பாராளுமன்றம் வரைக்கும் போச்சு. முதல்ல நோய் பரப்புறவன், அப்புறம் உளவாளி! பனிப்போர் காலத்துல பறவையா பொறந்தாலும் நிம்மதி இல்லை. கேள்வி கேட்டதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ராணுவத்துக்குப் பறவை மேல என்ன அக்கறைன்னு யாருக்கும் தோணும். ஆனா அந்தக் காய்ச்சல் பறக்கவே இல்லை. உள்ளூர்க் காட்டு உண்ணி மூலமா, அந்தக் காட்டுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்தது. கடைசியில பழி போச்சு, வளையமும் அது சேர்த்த விவரமும் மிஞ்சுச்சு.

இப்ப சைபீரியாக்காரனுக்கு வர்றேன். கரைவெட்டியில தண்ணி வத்தின சேத்துல, எலிக்குட்டிங்க மாதிரி குடுகுடுன்னு ஓடிக்கிட்டு இருந்ததே கொசு உள்ளான், அவன்தான். எடை இருபது முப்பது கிராம், அவ்வளவுதான். சைபீரியாவோட வடகோடியில, மரமே முளைக்காத பனிவெளியில முட்டையிட்டுட்டு இங்கே வருது. யாரும் அதை நின்னு பார்க்கிறதில்லை, கேமராவெல்லாம் நாரைப் பக்கம்தான் திரும்புது.

ஒண்ணு சொல்லியாகணும். காலேஜ் படிக்கிறப்ப ரோட்டோரக் கடை ஒண்ணுல நாலு பேரா உக்காந்து உள்ளான் வறுவல் சாப்பிட்டிருக்கோம். என்ன உள்ளான்னு அப்ப கேக்கத் தோணலை. சட்டப்படி குத்தம்ங்கிறதும் தெரியாது. ஒரு பிளேட்டுக்கு ஆறோ ஏழோ வச்சாங்க.

வளையம் இருந்திருக்குமான்னு இப்ப யோசிச்சா பார்க்க வழியில்லை. காலை நறுக்கிட்டுத்தான் வறுப்பாங்க.