சங்கின் மூக்கு

எங்கள் ஆச்சி பிள்ளைகளுக்குப் பால் புகட்டியது நிஜச் சங்கில். தூத்துக்குடிக் கடலில் குளித்து எடுத்த, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சங்கு. உட்சுருளை அறுத்தெடுத்து ஓரத்தை வழவழவென்று தேய்த்திருப்பார்கள். சங்கின் ஒரு முனை இயல்பாகவே ஒடுங்கி ஓடை போலக் குழிந்திருக்கும். அந்த மூக்கைப் பார்த்துத்தான் பித்தளையிலும் வெள்ளியிலும் பால் புகட்டும் பாலாடையை வார்த்தார்கள் என்று நினைக்கிறேன். உலோகமாக மாறியும் 'சங்கு' என்ற பேர் போகவில்லையே! வங்காளத்தில் பால் புகட்டுகிற இதே வேலைக்குச் சிப்பி.

நன்றாகச் சப்பிக் குடிக்கிற பிள்ளைக்குச் சங்கு எதற்கு? குறைமாசப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, மார்பில் வைத்ததும் இரண்டு சப்பு சப்பிவிட்டுக் கண் சொருகிவிடுகிற பிள்ளை, இவர்களுக்குத்தான் அது தேவைப்பட்டது. அப்படித் தூங்குகிற பிள்ளைகளில் பாதியை நம் வழக்கமே உண்டாக்கியது என்பேன். தாய்க்கு மூன்று நான்கு நாள் கழித்தே பால் சுரக்கும் என்று சுஸ்ருத சம்ஹிதை சொல்கிறது. அதுவரைக்கும் தேனும் நெய்யும். நம் வீடுகளில் சர்க்கரை கரைத்த சேனைத் தண்ணீர். சீம்பாலைக் கெட்டுப்போன பால் என்று பீய்ச்சிக் கொட்டினார்கள். வயிற்றில் ஒன்றும் இறங்காத பிள்ளை துவண்டு தூங்கும், தூங்குவதால் குடிக்காது, குடிக்காததால் மஞ்சள் காமாலை கூடும், அது இன்னும் தூங்கவைக்கும். "சமத்துப் பிள்ளை, அழவே மாட்டேங்குது" என்று அக்கம்பக்கம் மெச்சிக்கொண்டிருக்கும்.

அப்புறம் யாராவது பயந்துபோய் பிள்ளையின் மூக்கைப் பிடித்துச் சங்கை வாயில் கவிழ்ப்பார்கள். ஆச்சிக்கு அதைக் கண்டால் ஆகாது. "ஏட்டி, தூங்குற பிள்ள வாயில ஊத்துனா அது பால் குடுக்குறது இல்ல, கடல்ல முக்குறது" என்பாள். அவள் முதலில் துணியை அவிழ்ப்பாள். உள்ளங்காலைச் சுண்டுவாள், முதுகைத் தடவுவாள். சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து ஒரே ஒரு சொட்டு. நாக்கு வெளியே வந்து தேடினால்தான் அடுத்த சொட்டு.

1984இல் நான் இரவுப் பணியில் இருந்த பிரசவ வார்டில் ஒரு பெரியம்மா, தூங்குகிற மூன்றாம் நாள் பிள்ளைக்கு முழுப் பாலாடையையும் ஊற்றிவிட்டார். புரையேறி, பிள்ளை நீலம் பாரித்தது. உறிஞ்சி எடுத்துப் பிழைக்கவைத்தோம். அன்றைக்கு என் கையும் நடுங்கியது.

இடையில் ரப்பர் காம்பு வைத்த புட்டி நகரத்து வீடுகளில் சங்கைப் பரணுக்கு ஏற்றியது. 1992இல் புட்டிப்பால் விளம்பரத்துக்குத் தடைச் சட்டம் வந்தது. கழுவுவது கடினம், கிருமி தங்கும் என்று புட்டியை ஒதுக்கிய பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் எவர்சில்வர் பாலாடை கொதிநீரில் குளித்துத் திரும்பி வந்தது. ஒரு முறைக்கு 5 முதல் 10 மில்லி பிடிக்கும். அதில் தாய் பீய்ச்சிய பால், சீம்பாலும் சேர்த்து. ஆச்சி இருந்திருந்தால் சீம்பாலுக்கு மட்டும் முகம் சுளித்திருப்பாள்.

போன வருஷம் என் பேத்தி பிறந்தாள், 2 கிலோ 100 கிராம். ஒரே தூக்கம். மகள் சங்கை எடுத்து நீட்டினாள். வாங்கிக் கீழே வைத்துவிட்டு, துணியை அவிழ்த்து மகளின் நெஞ்சிலேயே பிள்ளையைக் கிடத்தினேன். கால் மணி நேரம் போயிருக்கும். உதடு அசைந்தது. பிறகுதான் சங்கைக் கையில் எடுத்தேன்.