குதிரை ராட்டினத்தில் ஒரு குழந்தை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

2025 மே 7ஆம் திகதி அபூதாபியின் யாஸ் தீவில் டிஸ்னி பூங்கா ஒன்று வரப்போகிறது என்று அறிவித்தார்கள். டிஸ்னியின் ஏழாவது பூங்கா வளாகம் அது. வடிவமைப்பு டிஸ்னியுடையது. கட்டி நடத்தப்போவது அபூதாபியின் மிரால் நிறுவனம். ஃபெராரி வேர்ல்ட் 2010 முதலே அந்தத் தீவில் இருக்கிறது. அங்கு தொழில் பார்க்கும் வாப்பாமார், நானாமார் நம்மில் எத்தனை பேருக்கு! அதனால் பிள்ளைகளிடமிருந்து கேள்விகள் வருவது இயல்பு. எப்போது திறப்பார்கள், டிக்கட் எவ்வளவு, நம்மால் போக முடியுமா என்று கேட்கிறார்கள்.

இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தப் பதிவு.

பூங்கா ரசிகர்களின் மாநாடுகள் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கிரிக்கெட்டுக்கு ரசிகர்கள் இருப்பது போல அமெரிக்காவில் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கும் ரசிகர்கள் உண்டு. பழைய குதிரை ராட்டினங்களை நேசிப்பவர்கள் 1973இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். ரோலர் கோஸ்டர் பிரியர்கள் 1978இல் தமக்கென ஒன்றை ஆரம்பித்தார்கள். டிஸ்னி கம்பனியும் 2009இல் தன் ரசிகர் மன்றத்தைத் தொடங்கியது. அதன் பெயர் டி23. டிஸ்னியின் முதல் எழுத்தோடு கம்பனி பிறந்த 1923ஆம் ஆண்டைச் சேர்த்து வைத்த பெயர். அந்த ஆண்டு செப்டெம்பரிலேயே கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் முதல் பெரிய மாநாடும் நடந்தது. டிஸ்னிலேண்ட் இருப்பதும் அதே ஊரில்தான்.

ஒரு கற்பனைக்காக நாமும் அப்படியொரு மாநாட்டின் வரிசையில் போய் நிற்போம். 2024 ஓகஸ்ட் மாநாட்டையே எடுத்துக்கொள்வோமே.

முன்னால் நிற்பவர் சிறுவயதுக் கார்ட்டூன் பாத்திரத்தின் உடுப்பில் வந்திருக்கிறார். பக்கத்தில் ஒருவர் சட்டை நிறைய ஊசிச் சின்னங்கள் குத்தியிருக்கிறார், மற்றவர்களோடு மாற்றிக்கொள்வதற்காக. உள்ளே பழைய வரைபடங்கள், பழைய டிக்கட்டுகள். டிஸ்னிலேண்டில் அந்நாளில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி டிக்கட். ஏ, பி, சி என்று எழுத்து வரிசையில் தரம் பிரித்திருந்தார்கள். 1959இல் ஈ வந்தது. மிகச் சிறந்த விளையாட்டுகளுக்கு மட்டும் ஈ டிக்கட். 1982இல் அந்த முறையையே நிறுத்திவிட்டார்கள். இன்று அந்தக் கடதாசித் துண்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

இரவில் பெரிய அரங்கில் ஒளிவெள்ளம். பூங்காக்களுக்குப் பொறுப்பான தலைவர் மேடையேறி இனி வரப்போகும் விரிவாக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். புளோரிடாவின் மெஜிக் கிங்டம் பூங்காவில் வில்லன்களுக்கென ஒரு பகுதி வரும் என்றதும் அரங்கம் அதிர்கிறது. கார்ஸ் படத்தை வைத்து இன்னொரு பகுதியும் வருமாம். ஆனால் அதற்கு இடம்? பூங்கா திறந்த காலத்திலிருந்து அங்கே ஓடிய செயற்கை ஆற்றின் இடம்தான் அது. 2025 ஜூலையில் அந்த ஆறு மூடப்பட்டது. கடைசி நாட்களில் ரசிகர்கள் திரண்டு வந்து விடைபெற்றுச் சென்றார்கள்.

புதியதற்குக் கைதட்டுவதும் பழையதற்குக் கண்ணீர் விடுவதும் ஒரே ஆட்கள். இந்த மாநாடுகளின் இயல்பே அதுதான்.

விரிவாக்கம் என்பது இந்தப் பூங்காக்களோடு கூடப் பிறந்தது. 1955 ஜூலை 17இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அது தோடந் தோட்டங்களை அழித்துக் கட்டிய, ஏறத்தாழ 160 ஏக்கர் காணி. திறப்பு விழா தொலைக்காட்சியில் நேரடியாகப் போனது. அன்று நடந்த குளறுபடிகள் இன்றும் பேசப்படுகின்றன. போலி அழைப்பிதழ்களோடு ஆயிரக்கணக்கானோர் புகுந்தார்கள். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல வேலை செய்யவில்லை. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகிப் பெண்களின் குதியுயர்ந்த செருப்புகள் புதைந்தன. வோல்ட் டிஸ்னி தளரவில்லை. இந்தப் பூங்கா ஒருநாளும் முடிவடையாது என்பதுதான் அவர் நிலைப்பாடு. பத்து வருடங்களில் பூங்காவைச் சூழ ஹொட்டல்கள் முளைத்து, விரிவதற்கு இடமில்லாமல் போயிற்று. ஆகவே புளோரிடாவில் வேறு வேறு கம்பனிப் பெயர்களில், தான் யாரென்று காட்டாமல், சுமார் 27,000 ஏக்கர் வாங்கினார். வாங்குவது டிஸ்னி என்று தெரிந்தால் காணி விலை ஏறிவிடும் அல்லவா? 1965இல் ஒரு பத்திரிகை அதைக் கண்டுபிடித்தது. அடுத்த வருடம் டிசெம்பரில் அவர் மரணித்தார். 1971 ஒக்டோபர் 1இல் புளோரிடாப் பூங்கா திறந்தது.

இந்த வரலாறு முழுவதையும் ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எந்த ராட்டினம் எந்த வருடம், எந்தப் பொறியை யார் வடிவமைத்தார் என்று கேட்டால் தடுமாறவே மாட்டார்கள். ஆனால் எத்தனை ஏக்கர் கூடியது என்பது விரிவாக்கத்தின் ஒரு பாதிதான். வாசலில் யாரை உள்ளே விட்டார்கள் என்பதுதான் மற்றப் பாதி.

டிஸ்னிலேண்ட் வாசலில் நிறத்தடை இருக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவின் ஏராளமான பூங்காக்கள் வெள்ளையருக்கு மட்டும் உரியவை. தெற்கு மாநிலங்களில் மட்டுமல்ல, தலைநகரின் வாசற்படியிலும் இதுதான் நிலை. வொஷிங்டனுக்கு அருகே மேரிலாந்தில் கிளென் எக்கோ என்றொரு பூங்கா. நகரத்திலிருந்து டிராம் வண்டியில் போகலாம். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. 1960 ஜூன் 30இல் ஹவார்ட் பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே போனார்கள். நண்பர்கள் வாங்கிக் கொடுத்த டிக்கட்டுகளோடு குதிரை ராட்டினத்தில் ஏறி அமர்ந்தார்கள். காவலாளி இறங்கச் சொன்னார். இறங்கவில்லை. ஐந்து பேர் கைதானார்கள். குற்றம் என்ன தெரியுமா? அத்துமீறி நுழைந்தார்களாம்!

அந்தக் கோடைகாலம் முழுவதும் வாசலில் மறியல் நடந்தது. அயலில் வாழ்ந்த வெள்ளையரும் கலந்துகொண்டார்கள். அவர்களில் யூதக் குடும்பங்கள் பல. அடுத்த வருடம், 1961இல், பூங்கா எல்லோருக்கும் திறந்தது. கைதானவர்களின் வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 1964இல் தண்டனை நீக்கப்பட்டது. அந்தக் காவலாளி பூங்காவின் ஊழியர் மட்டுமல்ல, அரச அதிகாரம் பெற்ற காவல் உத்தியோகத்தரும் கூட. தனியார் காணி என்று சாக்குச் சொல்லி, அரசின் அதிகாரத்தைக் கொண்டு பாகுபாட்டை அமுல்படுத்த முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

பக்கத்து நகரமான பால்டிமோரில் கதை இன்னும் இழுபட்டது. க்வின் ஓக் பூங்காவில் வருடந்தோறும் 'எல்லா நாடுகளின் தினம்' கொண்டாடுவார்கள். பெயரில் எல்லா நாடுகளும் உண்டு. வாசலில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. 1950களின் நடுப்பகுதியிலேயே எதிர்ப்புத் தொடங்கிவிட்டது. ஆரம்பத்தில் ஒரு சிலர்தான் பதாகைகளோடு நின்றார்கள். வருடங்கள் போயின. 1963 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினத்தில், பெருந்திரளானோர் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். 280க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கத்தோலிக்கக் குருமார், புரட்டஸ்தாந்துப் போதகர்கள், யூத ரப்பி என்று வெவ்வேறு மதத் தலைவர்கள் ஒன்றாகப் பொலிஸ் வண்டியில் ஏறினார்கள். பிள்ளைகள் ராட்டினம் ஏறுவதற்காக!

இது சின்ன விடயம் என்று நினைக்கத் தோன்றும். வாக்குரிமை இல்லை, தொழில் இல்லை, இதில் ராட்டினம் பெரிதா? அந்த வருடம் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் இதற்கான பதில் இருக்கிறது. தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்து, ஃபன்டவுன் என்ற பூங்காவுக்குப் போகக் கேட்கும் ஆறு வயது மகளுக்கு, ஏன் போக முடியாது என்று சொல்ல நாக்குத் தடுமாறும் தகப்பனின் நிலையை அதில் எழுதுகிறார். வாக்குரிமை பற்றி ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. பூட்டிய வாசல் தெரியும். தான் மற்றப் பிள்ளைகளை விடக் குறைந்தவள் என்ற எண்ணம் முதன்முதலில் மனதில் விழுவது அங்கேதான். பிள்ளைகளோடு பழகும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையை விளையாட்டில் சேர்க்காமல் விட்டால் அந்த முகம் எப்படி மாறும் என்பதை நாம் அன்றாடம் காண்கிறோம்.

எதிர்ப்பக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஓர் உதாரணம். அலபாமாவின் மொன்ட்கோமரி நகரில், பொதுப் பூங்காக்களைக் கறுப்பினத்தவருக்கும் திறக்க வேண்டும் என்று வழக்குத் தொடரப்பட்டபோது, நகர நிர்வாகம் 1959 தொடக்கத்தில் பூங்காக்கள் அத்தனையையும் மூடிவிட்டது. 1965 வரை திறக்கவில்லை. அவர்கள் விளையாடுவதை விட நம் பிள்ளைகளும் விளையாடாமல் இருப்பது மேல் என்று ஒரு நகரமே முடிவெடுத்தது. வெறுப்பு கடைசியில் தன் வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்தே பந்தைப் பறிக்கிறது.

க்வின் ஓக்கின் உரிமையாளர்கள் இறுதியில் இணங்கினார்கள். வாசல் திறந்த நாள் 1963 ஓகஸ்ட் 28. வொஷிங்டனில் இரண்டரை இலட்சம் பேர் திரண்டு, கிங் தன் கனவைப் பற்றிப் பேசிய அதே நாள். அன்று ஒரு தம்பதியர் தங்கள் பெண் குழந்தையோடு பூங்காவுக்குள் போனார்கள். குழந்தையின் பெயர் ஷெரன் லேங்லி. வயது 11 மாதம். வாப்பா பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள, குழந்தை ராட்டினக் குதிரையில் அமர்ந்தது. அந்தப் பூங்காவின் ராட்டினத்தில் ஏறிய முதல் கறுப்பினப் பிள்ளை அவள்தான். ஒரு பக்கம் இலட்சக்கணக்கானோரின் பேரணி, மறுபக்கம் ஒரே ஒரு குழந்தையின் ஒரு சுற்று. இரண்டும் ஒரே செய்தி.

1972இல் எக்னஸ் சூறாவளி க்வின் ஓக்கைச் சிதைத்தது. பூங்கா பிறகு திறக்கவே இல்லை. ஆனால் ராட்டினம் தப்பியது. 1981இல் அதை வொஷிங்டனில் தேசிய நூதனசாலைகள் நிறைந்த நெஷனல் மோல் திடலுக்குக் கொண்டுவந்து நிறுவினார்கள். கிங் உரையாற்றிய லிங்கன் நினைவகமும் அதே திடலின் மறுகோடியில்தான். ராட்டினத்தின் ஒரு குதிரையில் ஷெரனின் பெயர் பொறிக்கப்பட்டது. அவர் வளர்ந்து கல்விப் பணிக்கு வந்தார். 2020இல் தன் கதையை இன்னொருவரோடு சேர்ந்து சிறுவர் நூலாக எழுதினார்.

கிளென் எக்கோ ராட்டினத்துக்கும் இப்படியொரு முடிவு. பூங்கா 1968இல் மூடப்பட்டு, 1970இல் ராட்டினம் விலை போனது. அயலவர்கள் கூடி 80,000 டொலர் சேர்த்து அதைத் திரும்ப வாங்கினார்கள். 1921இல் செய்யப்பட்ட அந்த ராட்டினம் மாணவர்கள் கைதான அதே இடத்தில் நிலைத்தது.

இப்போது மாநாட்டு மண்டபத்துக்குத் திரும்புவோம். பழைய டிக்கட்டைக் கண்ணாடிக்குள் வைக்கும் அந்த ரசிகர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றலாம். வளர்ந்த மனிதருக்கு இதெல்லாம் தேவையா என்றும் கேட்கலாம். ஆனால் பழைய பொருளை எறியாமல் காப்பாற்ற நாலு பேர் இருந்ததால்தான், ஷெரன் ஏறிய ராட்டினம் இரும்புக் கடைக்குப் போகவில்லை. அதே நேரம், பொருளை மட்டும் காப்பாற்றி அதன் கதையை விட்டுவிட்டால், அது வெறும் மரக்குதிரை. எந்த வருடம் செய்தது, என்ன வர்ணம் பூசினார்கள் என்று தெரிந்தவருக்கு, அதில் யாரை ஏறவிடவில்லை என்பதும் தெரிய வேண்டும்.

அபூதாபிப் பூங்காவும் ஒருநாள் திறக்கும், இன்ஷா அல்லாஹ். அதைக் கட்டும் கைகளில் நம் ஊர்க் கைகளும் இருக்கக்கூடும். ஐம்பது வருடங்களின் பின் அதற்கும் ரசிகர் மாநாடு நடக்கும், பழைய வரைபடங்கள் விலை போகும். வெயிலில் நின்று அதைக் கட்டியவர்களின் பெயர்கள் அந்த மேசையில் இருக்குமா என்று தெரியாது. ஆகவே அந்தப் பக்கம் தொழில் பார்க்கும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வேலை அட்டையை, நண்பர்களோடு எடுத்த படத்தை, முதல் சம்பளத் துண்டை எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் கொடுத்துக் கதையையும் சொல்லுங்கள்.

நம்மால் போக முடியுமா என்று கேட்ட பிள்ளைக்கு நாம் என்ன சொல்வது? டிக்கட்டுக்குக் காசு சேர்க்க வேண்டியிருக்கும் மகன். ஆனால் பிறப்பைப் பார்த்து வாசலில் உன்னை யாரும் நிறுத்தக் கூடாது. அந்த நீதி தானாக வந்ததல்ல, பலர் சிறை சென்று வாங்கிக் கொடுத்தது. நீ உள்ளே போனதும், வெளியே யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் சிரிப்பைக் காப்பானாக. ஆமீன்.