மருந்து போய்ச்சேர வேண்டிய இடம்

மருத்துவ வரலாறு எண்டால் மருந்து கண்டுபிடிச்ச கதை எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். சிலவேளை அது இடம் தேடின கதை.

பார்க்கின்சன் நோயில் நடுமூளையின் 'சப்ஸ்டன்ஷியா நைக்ரா' பகுதியில் டோபமின் சுரக்கும் கலங்கள் சாகின்றன. அவற்றின் நார்கள் போய் முடியும் முக்கிய இடம் பியூட்டமென். 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இந்தக் கலங்களைக் காக்கும் ஜீ.டி.என்.எப் என்ற வளர்ச்சிக் காரணியை அறிவித்தார்கள். ஆனால் அது பெரிய புரதம்; குருதியிலிருந்து மூளைக்குள் நுழையாது. முதலில் மூளையறைத் திரவத்துக்குள் செலுத்தினார்கள். பலனில்லை, குமட்டல்தான் மிச்சம்.

2003இல் பிரிஸ்டலில் ஐந்து பேருக்கு மெல்லிய குழாய் வழியே நேரே பியூட்டமெனுக்குள் கொடுத்தார்கள். அசைவு தெளிவாகத் தேறியது. அடுத்து 34 பேரிடம் வெற்று மருந்தோடு ஒப்பிட்டபோது வேறுபாடு தெரியவில்லை. 2004இல் அம்ஜென் கம்பனி, பாதுகாப்புக் காரணமும் சொல்லி நிறுத்தியது. தங்களுக்குச் சுகம் எண்ட சில நோயாளிகள் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள்.

2019இல் வெளிவந்த பிரிஸ்டல் முடிவு இன்னும் விசித்திரம்: ஸ்கேனில் பியூட்டமென் தேறியிருந்தது, அசைவில் இரு குழுக்களுக்கும் தெளிவான வித்தியாசமில்லை.

கம்பனியின் கணக்கும் பிழையில்லைதான். ஆனாலும் மண்டையில் துளைபோட உடன்பட்ட ஆளுக்கு, மருந்தை நிறுத்தும்போது ஒரு சொல்லாவது இருக்க வேண்டாமோ?