வாழவைக்கும் மருத்துவம்: பெர்லின் பாலியல் ஆய்வு நிறுவனத்தின் வரலாறு

ஒருபால் ஈர்ப்பு கொண்டவர்களிடையே தற்கொலை மிகுந்திருப்பதற்கு அவர்களது இயல்பு காரணமன்று, அவர்களைச் சூழ்ந்த சட்டமும் ஏச்சும் அச்சமுமே காரணம் என்ற எண்ணம் மருத்துவத்துக்குள் நுழைந்த வரலாற்றைத் தேடுவோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கால ஜெர்மனிக்கு வந்து சேர்வர். 1871இல் உருவான ஜெர்மன் பேரரசு, தன் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவால் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பெண்களை அப்பிரிவு குறிப்பிடவில்லை. சிறை ஒருபுறமிருக்க, இச்சட்டம் பணம் பறிப்போருக்கு நல்ல பிழைப்பாயிற்று. ஒரு கடிதத்தையோ ஒரு சந்திப்பையோ காட்டி மிரட்டுபவன்மேல் புகார் கொடுப்பது தன் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுப்பதாகிவிடும் என்பதால், மிரட்டப்பட்டவர் கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்து, கொடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாத நாளில் உயிரைவிடத் துணிந்த துயரம் அக்காலப் பெர்லினில் புதிதன்று.

1868இல் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்த மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம் படை அதிகாரி ஒருவர், தம் திருமணத்துக்கு முந்தைய நாள் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். உண்மையைப் பெற்றோரிடம் சொல்லும் வலிமை தமக்கு இல்லை என்றும், தம்மைப் போன்றோரைத் தாய்நாடு நியாயத்தோடு எண்ணும் காலம் வர மருத்துவர் துணைநிற்கக்கூடும் என்பதே தமக்கு ஆறுதல் என்றும் அவர் ஒரு கடிதம் விட்டுச்சென்றிருந்தார். 1896இல் ஹிர்ஷ்ஃபெல்ட் புனைபெயரில் வெளியிட்ட ‘சாப்போவும் சாக்ரடீசும்’ என்ற சிறுநூலுக்கு உந்துதலாக இருந்தது இம்மரணமே. அடுத்த ஆண்டு மே மாதம் அவரும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து ‘அறிவியல் மனிதநேயக் குழு’ என்ற அமைப்பைத் தொடங்கி, 175ஆம் பிரிவை நீக்கக் கோரும் மனுவுக்குக் கையொப்பம் திரட்டினர். அறிவியலின் வழியே நீதி என்பது குழுவின் முழக்கமாக இருந்தது.

அவரது மருத்துவக் குறிப்புகளில் ‘தற்கொலைத் தழும்பு’ என்றொரு சொல் இடம்பெறுகிறது. முன்பு உயிரைவிட முயன்று பிழைத்தவரின் உடலில் எஞ்சிய வடுவை அது குறிக்கும். வேறு நோய்க்காக வந்து சட்டையைக் கழற்றியவரிடமும் அவ்வடுவைக் காண நேர்ந்த மருத்துவருக்கு, அது தனிமனிதரின் பலவீனத்தைக் காட்டும் அடையாளமாகத் தோன்றாமல், ஒரு சமூகம் மனித உடலில் எழுதிவைத்த சாட்சியமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அந்நாளைய மருத்துவம் ஒருபால் ஈர்ப்புடையோருக்கு வைத்திருந்த முதன்மையான வழிகள் இரண்டு: ஒன்று, மனோவசியத்தால் ஈர்ப்பைத் திசைதிருப்ப முயல்வது, மற்றொன்று, கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவது. இரண்டாவது வழி எங்கே கொண்டுபோய்விட்டது என்பதற்கு அந்த அதிகாரியின் கடிதமே போதும். இவ்விரண்டையும் விடுத்து ஹிர்ஷ்ஃபெல்ட் முன்வைத்த முறைக்கு ‘இணக்கச் சிகிச்சை’ என்று பெயர். நோயாளியை மாற்ற முயலாமல், அவர் தம் இயல்போடு இணங்கி வாழ வழிசெய்வது என்பது அதன் பொருள். இது பிறவியில் அமைந்தது, இதில் பழிக்க ஒன்றுமில்லை என்று மருத்துவர் முதலில் அமைதியாக எடுத்துச் சொல்வார். பிறகு, தனிமையிலிருந்து அவரை வெளியே கொணர்ந்து, அவரைப் போன்றோர் கூடும் இடங்களையும் நட்பு வட்டங்களையும் அறிமுகப்படுத்துவார். ஒருவருக்கு நான்கு மனிதர்களின் பழக்கத்தையே மருந்தாக எழுதிக்கொடுத்த இந்த எளிமையே அவரது பணிகளுள் தலையாயது என மதிப்பிடத் தோன்றுகிறது. பிற்காலத் தற்கொலைத் தடுப்புப் பணிகளிலும் இந்த அடிப்படையைக் காணலாம்.

இம்முறைக்கு ஒரு நிலையான வீடு 1919 ஜூலை 6ஆம் நாள் கிடைத்தது. பெர்லினின் தியர்கார்டன் பூங்காவின் அருகே ஒரு மாளிகையில் ஹிர்ஷ்ஃபெல்ட் திறந்த பாலியல் ஆய்வு நிறுவனத்தில் மருத்துவ அறைகள், நூலகம், அருங்காட்சியகம், சொற்பொழிவுக்கூடம் ஆகியவற்றோடு தங்குமிடமும் இருந்தது. முதலாண்டில் சுமார் 3,500 பேர் ஏறத்தாழ 18,000 முறை ஆலோசனை பெற்றனர் என்றும், வசதியற்றோரிடம் கட்டணம் வாங்கவில்லை என்றும் அறியப்படுகிறது. அங்கே ஒரு கேள்விப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. வாய்விட்டுக் கேட்க நாணியவர்கள் பெயர் குறிப்பிடாமல் சீட்டெழுதிப் போட, பொதுமக்கள் கூடும் மாலைகளில் மருத்துவர்கள் அச்சீட்டுகளைப் பிரித்து அனைவர் முன்னும் படித்து விடை கூறினர். தனக்கு மட்டுமே உரியதென்று ஒருவர் புதைத்துவைத்திருந்த கேள்வி கூட்டத்தின் நடுவே உரக்க வாசிக்கப்படுவதைக் கேட்பதே அவருக்குப் பாதிச் சுமை இறங்கியது போலிருந்திருக்கும். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலுக்கு மாறாக உடுத்துவோர் தெருவில் கைதாகாமலிருக்க, மருத்துவச் சான்றின்பேரில் காவல்துறை வழங்கிய ‘உடை அனுமதிச் சீட்டு’ பெறவும் நிறுவனம் உதவியது.

அதே ஆண்டு ரிச்சர்ட் ஓஸ்வால்ட் இயக்கிய ‘மற்றவர்களினின்று வேறானவர்கள்’ என்ற படத்தின் திரைக்கதையில் ஹிர்ஷ்ஃபெல்டுக்கும் பங்குண்டு. பணம் பறிப்பவனால் அழிக்கப்பட்ட இசைக்கலைஞர் இறந்த பின், அவருடைய இளம் நண்பனும் சாக எண்ணுகையில், ஹிர்ஷ்ஃபெல்டே நடித்த மருத்துவர் அவனைத் தடுத்து, உயிரோடிருந்து இந்த அநீதியை மாற்றப் பாடுபடும்படி கேட்டுக்கொள்கிறார். 1920இல் தணிக்கை அப்படத்தைத் தடைசெய்தது; இன்று சிதைந்த பகுதிகளே எஞ்சியுள்ளன.

ஹிர்ஷ்ஃபெல்டிடம் பிழைகளும் உண்டு. சுரப்பியை மாற்றிவைத்தால் ஈர்ப்பு மாறும் என்ற வியன்னா ஆய்வாளர் ஸ்டைனாக்கின் கொள்கையில் அவர் சில காலம் நம்பிக்கை வைத்து, நோயாளிகள் சிலரை அந்த அறுவைக்கு அனுப்பினார். பயன் ஏதும் விளையவில்லை. இயல்பை ஏற்கச் சொன்னவரே அதை மாற்றும் கத்திக்கும் ஆளனுப்பியது அவரது வாழ்வின் வேதனையான முரண்.

1933 மே 6ஆம் நாள் காலையில் நாஜி மாணவர்கள் இசைக்குழு முழங்க லாரிகளில் வந்திறங்கி நிறுவனத்தைச் சூறையாடினர். நான்கு நாள் கழித்து அதன் நூல்களும் ஹிர்ஷ்ஃபெல்டின் மார்பளவுச் சிலையும் ஓப்பெரா சதுக்கத்தில் தீக்கிரையாயின. அப்போது வெளிநாட்டில் இருந்த அவர், அந்தத் தீயைப் பாரிஸ் திரையரங்கு ஒன்றின் செய்திப்படத்தில்தான் பார்த்தார். 1935இல், தம் 67ஆம் பிறந்தநாளில், பிரான்சின் நீஸ் நகரில் மறைந்தார். அதே ஆண்டு நாஜி அரசு 175ஆம் பிரிவை மேலும் கடுமையாக்கியது. அது முற்றிலும் நீக்கப்பட 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சூறையாடப்படுவதற்கு முன் அந்த நிறுவன மாளிகையில், வேறெங்கும் வேலை கிடைக்காத திருநங்கையர் சிலருக்கு வீட்டுப் பணி தரப்பட்டது. அவர்களுள் ஒருவர் பொஹீமியாவின் மலைக்கிராமத்தில் 1892இல் பிறந்த டோரா ரிக்டர். பாலுறுதி அறுவை சிகிச்சைகளை முதன்முதலில் முழுமையாகச் செய்துகொண்டவர்களுள் ஒருவராக மருத்துவ வரலாறு இவரைக் குறிப்பிடுகிறது. 1933ஆம் ஆண்டுச் சூறையாடலில் அவர் கொல்லப்பட்டார் என்றே நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. அண்மையில் கிடைத்த பதிவேடுகளோ வேறு செய்தி சொல்கின்றன: அவர் ஊர் திரும்பி, 1934இல் டோரா என்ற பெயரைச் சட்டப்படி பதிவுசெய்துகொண்டு, போருக்குப் பின் பவேரியாவுக்குக் குடிபெயர்ந்து, 1966இல் தம் 74ஆம் வயதில் ஆல்லர்ஸ்பெர்க் என்ற சிற்றூரில் இயற்கை எய்தினார்.