அரசாங்க அதிகாரி தேர்வு: மலாக்கா பட்டதாரிகள் அறிய வேண்டியவை

மெர்லிமாவ், ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் பிள்ளை பட்டம் முடித்து வந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "அரசாங்க வேலைக்கு மனு போட்டாயா?" என்பதுதான். எங்கே, எப்படி என்று இணையத்தில் தேடும் பிள்ளைக்குத் தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டு வங்கி அதிகாரி தேர்வுப் பாடங்கள்.

இந்தியாவில் ஐ.பி.பி.எஸ். என்ற அமைப்பு பொதுத்துறை வங்கிகளுக்கு ஒரே பொதுத் தேர்வின் வழி அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிறது. மலேசியக் குடிமக்கள் அதை எழுத முடியாது. இங்குள்ள வங்கிகள் தனித்தனியே விளம்பரம் செய்து ஆள் எடுக்கின்றன. நம் நாட்டில் அதற்கு நிகரான போட்டித் தேர்வு, பொதுச் சேவை ஆணையம் (எஸ்.பி.ஏ.) நடத்தும் நிர்வாக, அரசதந்திர அதிகாரி தேர்வு. சுருக்கமாக பி.டி.டி. என்பார்கள். அமைச்சுகளிலும், மாவட்ட நில அலுவலகங்களிலும், வெளிநாட்டுத் தூதரகங்களிலும் பணியாற்றும் நிர்வாக அதிகாரிகள் இந்த வழியில் வருபவர்கள்.

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 139ஆவது பிரிவு எஸ்.பி.ஏ.வுக்கு அதிகாரம் வழங்குகிறது. மத்திய அரசாங்கப் பொதுச் சேவையோடு மலாக்கா, பினாங்கு மாநிலப் பொதுச் சேவைகளையும் அப்பிரிவு குறிப்பிடுகிறது.

தகுதி

மனு செய்பவர் மலேசியக் குடிமகனாகவும் 18 வயது நிறைந்தவராகவும் இருக்க வேண்டும். பி.டி.டி. பதவிக்கு இளங்கலைப் பட்டம் தேவை. முன்பு எம்41 என்று அழைக்கப்பட்ட இதன் தொடக்க நிலை, 2024 டிசம்பரில் புதிய சம்பள முறை அமலுக்கு வந்தபின் எம்9 ஆனது. பழைய குறிப்பேடுகளில் எம்41 என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

பலரைத் தடுத்து நிறுத்துவது பட்டம் அல்ல, எஸ்.பி.எம். மலாய்மொழித் தாள். அதில் கிரெடிட், அதாவது குறைந்தது 'சி' பெற்றிருக்க வேண்டும். 'டி', 'இ' தேர்ச்சிதான் என்றாலும் கிரெடிட் ஆகாது. தனியார் கல்லூரியில் பட்டம் பெற்றவர்கள் சிலர் இதை மனு செய்யும்போதுதான் அறிகிறார்கள். எத்தனை உயர்ந்த பட்டமும் இந்தக் குறையை ஈடு செய்யாது. ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. தனியார் தேர்வராகப் பதிந்து அந்தத் தாளை மீண்டும் எழுதலாம். ஐந்தாம் படிவத்தில் பிள்ளை இருக்கும் வீட்டில் இன்றே இதைச் சொல்லி வைப்பது நல்லது.

பதிவு

எஸ்.பி.ஏ. அகப்பக்கத்தில் எஸ்.பி.ஏ.9 பதிவை இயங்கலை வழி செய்ய வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. "வேலை வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். பதிவு ஓராண்டுக்கே செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினாலோ கைப்பேசி எண், மின்னஞ்சல் மாறினாலோ உடனே திருத்த வேண்டும். தேர்வு அழைப்பு வந்து, அதைப் பார்க்காமல் விட்டால் அந்த வாய்ப்பு போனதுதான்.

போலீஸ், இராணுவம், ஆசிரியர் வேலைகளுக்குத் தனி ஆணையங்கள் உள்ளன. அவற்றுக்குத் தனியே மனு செய்ய வேண்டும்.

எதைப் படிப்பது?

பொது அறிவு, சிக்கல் தீர்க்கும் ஆற்றல், மொழி ஆற்றல் ஆகிய மூன்றையும் தயார் செய்ய வேண்டும். அழைப்பு வந்ததும், அந்த ஆண்டின் தேர்வு அமைப்பை எஸ்.பி.ஏ. அறிவிப்பில் சரிபார்த்துக் கொள்ளலாம்.

பொது அறிவுக்கு அரசமைப்புச் சட்டம், நாடாளுமன்றம், ருக்குன் நெகாரா, ஆசியான், பொருளாதாரம் ஆகியவை அடிப்படை. நாடாளுமன்ற மக்களவையில் 222 இடங்கள். மேலவையில் 70 பேர். அவர்களில் 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன, 44 பேர் நியமனம் பெறுகிறார்கள். ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது 1970 ஆகஸ்டு 31. ஆசியான் தோன்றியது 1967 ஆகஸ்டு 8. பேங்க் நெகாரா தொடங்கியது 1959 ஜனவரி 26.

மலாக்கா பிள்ளைகளுக்குச் சில கேள்விகளின் விடை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுதந்திர நாளைத் துங்கு அப்துல் ரஹ்மான் 1956 பிப்ரவரி 20ஆம் நாள் அறிவித்தது பண்டார் ஹிலிர் திடலில். மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரங்களானது 2008 ஜூலையில்.

சிக்கல் தீர்க்கும் பகுதிக்கு வேகம் தேவை. 80 ரிங்கிட் பொருளுக்கு 15 விழுக்காடு கழிவு என்றால், 10 விழுக்காடு 8, அதில் பாதி 4, மொத்தம் 12. விலை 68 ரிங்கிட். இப்படி மனக்கணக்காகப் போட நாளுக்கு 20 நிமிடம் பழகினால் போதும். தமிழ்நாட்டுப் பாடங்களில் கணக்கு, தர்க்கப் பகுதிகள் இதற்கு உதவும். அங்குள்ள வங்கிப் பொது அறிவு இங்கு உதவாது.

மொழிக்கு, தினமும் ஒரு மலாய் நாளிதழ்த் தலையங்கமும் ஓர் ஆங்கிலக் கட்டுரையும் படித்து, ஒவ்வொன்றையும் ஐந்து வரியில் சுருக்கி எழுதலாம். வீட்டில் சத்தம், இடப்பற்றாக்குறை என்றால் புக்கிட் பாருவில் உள்ள மாநிலப் பொது நூலகத்தை நாடலாம்.

தேர்வுக்குப் பின்

எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் மதிப்பீட்டு முகாமுக்கு அழைக்கப்படுவர். அங்கு குழுக் கலந்துரையாடல், மேடைப் பேச்சு, உடல் உறுதி ஆகியவை சோதிக்கப்படும். அதன் பிறகே நேர்காணல். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் நான்கைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, வாரம் ஒருமுறை மலாயில் விவாதித்துப் பழகலாம். தோட்டத்து மண்டபமோ கோயில் மண்டபமோ போதும்.

முதல் முறை தேறாதவர் பதிவைப் புதுப்பித்து, அடுத்த விளம்பரத்துக்குக் காத்திருக்கலாம். படித்தது வீணாகாது, மற்ற அரசாங்கப் பதவிகளுக்கான தேர்வுகளிலும் இதே பொது அறிவும் கணக்கும் கைகொடுக்கும்.